குழந்தைக்குக் கரப்பான்: களிம்பை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு கன்னமும் சொரசொரப்பாகி நீர் கசிந்தது. இப்போது முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து என்று மாறி மாறி வருகிறது. ராத்திரி தூங்காமல் சொறிகிறான்; காலையில் போர்வையில் ரத்தப் பொட்டு இருக்கிறது. தோல் டாக்டர் எக்ஸிமா, அதாவது கரப்பான் என்று சொல்லி ஒரு ட்யூப் எழுதிக் கொடுத்தார். போட்டால் மூன்று நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் பத்து நாளில் திரும்பி வருகிறது. அது ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் பயந்து விட்டுவிட்டேன். கரப்பான் பண்டம் கூடாது என்று என் மாமியார் முட்டை, மீன், கத்தரிக்காய், நிலக்கடலை எல்லாவற்றையும் நிறுத்தினார். இப்போது பாலும் இல்லை. பையன் இளைத்துக்கொண்டே போகிறான். பள்ளியில் அவனைத் தனியாக உட்கார வைக்கிறார்கள். மாசமாக இருந்தபோது நான் மாங்காயும் கருவாடும் நிறையச் சாப்பிட்டேன், அதனால்தானா? இது எப்போது முழுசாகப் போகும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாங்காயும் கருவாடும் காரணம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கும் அம்மாக்களில் பலர் இந்தக் குற்றவுணர்ச்சியை வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்ட எதுவும் உங்கள் மகனுக்கு இதைக் கொடுக்கவில்லை.

அவன் தோல் பிறவியிலேயே ஈரத்தைப் பிடித்துவைக்கத் தெரியாத தோல். செங்கல் சுவரில் சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். இவன் தோலின் மேலடுக்கிலும் அதுதான் நடக்கிறது. சோப்பு, வியர்வை, தூசி, கிருமி எல்லாம் சுலபமாக உள்ளே போய் எரிச்சலைக் கிளப்புகின்றன. உடம்பு அதற்குப் பதிலடி கொடுப்பதுதான் அழற்சியும் அரிப்பும். தோலைக் கட்டிவைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் கோளாறு இருந்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் தலைமையிலான குழு கண்டுபிடித்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஒரு மரபணுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா, அடுக்குத் தும்மல், சின்ன வயதில் கரப்பான் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். விசாரித்துப் பாருங்கள்.

முழுசாகப் போகுமா? ஒரேயடியாக ஒழித்துக்கட்டும் மருந்து இன்றைக்கு இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். சிலருக்குப் பெரியவர்களான பிறகும் கையிலோ கழுத்திலோ தலைகாட்டும். உங்கள் மகன் எந்தப் பக்கம் போவான் என்று இப்போதே சொல்ல முடியாது. அதுவரை அவன் ராத்திரி நிம்மதியாகத் தூங்கி, பகலில் சட்டை அழுக்காக விளையாடும்படி வைத்திருக்க முடியும். அது நிச்சயம் முடியும்.

சரி, ட்யூபுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மூன்று நாளில் அடங்கியதும் நிறுத்துகிறீர்கள், பத்து நாளில் திரும்புகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலையை முடிப்பதற்குள் நிறுத்திவிட்டீர்கள். மேலே பார்க்கத் தோல் தெளிந்துவிட்டாலும் அடியில் அழற்சி இன்னும் இருக்கும்.

இதில் நம் நிறத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாடப் புத்தகங்களில் எக்ஸிமா என்றால் வெள்ளைக்காரக் குழந்தையின் சிவந்த முழங்கைதான் இருக்கும். மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. கருத்து, சில சமயம் சாம்பல் பூத்தாற்போல, கோழித்தோல் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். அதனால் கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவன் முழங்கை மடிப்பைத் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடத் தடிப்பாக, சொரசொரப்பாக, கொஞ்சம் சூடாக இருந்தால் அங்கே நோய் இன்னும் இருக்கிறது. அந்த இடம் வழுவழுவென்று ஆகி, அரிப்பும் நிற்கும் வரை தினமும் ஒரு வேளை மருந்து போட வேண்டும். பொதுவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்கு அப்புறமும் கொஞ்ச நாள் கருப்பாகவோ வெளுப்பாகவோ தழும்பு போல நிற்பது நோய் விட்டுப்போன அடையாளம். அது மாதக்கணக்கில் தானாக மாறும். அதற்காகக் களிம்பைத் தொடர வேண்டாம். க்ரீம் போட்டதால்தான் வெளுத்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அழற்சிதான் அந்த வெளுப்பை விட்டுச் செல்கிறது.

அளவு ரொம்ப முக்கியம். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ஒரு கோடாக மருந்தைப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை எவ்வளவு இடத்தை மூடுமோ, அவ்வளவு இடத்துக்கு அது போதும். அதைவிடக் குறைத்தால் போதாது. பயந்து பயந்து கடுகளவு எடுத்துத் தேய்ப்பதால்தான் வாரங்கள் இழுக்கின்றன. தைரியமாகச் சரியான அளவு போட்டால் மொத்தத்தில் மருந்து குறைவாகவே செலவாகும். ஒருமுறை நன்றாக அடங்கிய பிறகும் அதே இடங்களில் அடிக்கடி திரும்பி வந்தால், தோல் நன்றாக இருக்கும்போதே அந்த இடங்களில் மட்டும் வாரம் இரண்டு நாள் போடச் சொல்வோம். கிளம்பிய பிறகு துரத்துவதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் மருத்துவரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

ஸ்டீராய்டு பயம் வீணான பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பயப்படுங்கள். ட்யூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பெட்டியில் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், பாருங்கள். 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது. மொமெட்டாசோன், ஃப்ளூட்டிகாசோன் அதைவிட வீரியம் உள்ளவை. உடம்பிலும் கைகால்களிலும் குறிப்பிட்ட நாட்களுக்குப் போடலாம், முகத்துக்கும் கழுத்துக்கும் மருத்துவர் சொன்னால் மட்டும். க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது இருப்பதிலேயே வீரியமான வகை. குழந்தைக்கு நீங்களாகத் தொடவே கூடாது. அதைவிடவும் என்னை வருத்துவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துத் தரும் கூட்டுக் களிம்புகள். படை மருந்து, கிருமி மருந்து, வீரிய ஸ்டீராய்டு மூன்றும் ஒரே ட்யூபில் இருக்கும். இதை முகத்தில் மாதக்கணக்கில் போட்டுத் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிய, வெயில் பட்டால் எரிகிறது என்று வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். 2018-இல் மத்திய அரசு தோலில் பூசும் பல ஸ்டீராய்டுகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் கவுன்ட்டரில் இன்றும் கிடைக்கிறது. இணையத்தில் நீங்கள் பார்த்துப் பயந்திருக்கக்கூடிய படங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். மருத்துவர் பார்த்து எழுதி, சரியான இடத்தில், சரியான நாட்களுக்குப் போடும் களிம்பு வேறு விஷயம். கழுத்துக்கு ஸ்டீராய்டே வேண்டாம் என்று நினைத்தால் டாக்ரோலிமஸ் 0.03 சதவீதக் களிம்பு இருக்கிறது. இரண்டு வயதுக்கு மேல் கொடுக்கிறோம். முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும். அந்த எரிச்சலைப் பார்த்து ஒவ்வாமை என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு களிம்பு, கரப்பான் கிளம்பிய நாட்களுக்கு. தினமும் வேண்டியது ஈரப்பதம் காக்கும் க்ரீம். இதையும் நம்மவர்கள் பவுடர் போடுவதுபோலத் தொட்டும் தொடாமலும் போடுகிறார்கள். உடம்பு முழுக்க வறண்டிருக்கும் குழந்தைக்கு வாரத்துக்குக் கிட்டத்தட்ட கால் கிலோ க்ரீம் ஆகும். ஆமாம், வாரத்துக்குத்தான். அதனால் விலை உயர்ந்த, வாசனையான சின்ன டப்பா வேண்டாம். வாசனை சேர்க்காத, பெரிய டப்பாவில் வரும், உங்கள் கைக்கு எட்டும் விலையில் உள்ளதை வாங்குங்கள். வெள்ளை பாராஃபின், திரவ பாராஃபின் கலந்த சாதாரணக் களிம்பே போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காட்டினால் இந்தச் செலவிலும் கொஞ்சம் மிச்சமாகும்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் பேச்சு வந்திருக்கும். பூசலாம். பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் கொடுத்து ஒப்பிட்டு, தேங்காய் எண்ணெய்தான் மேல் என்று 2014-இல் எழுதினார்கள். வாசனை சேர்க்காத எண்ணெயை, குளித்த ஈரத்தின் மேல் தடவ வேண்டும். காய்ந்த தோலில் தடவினால் மினுக்கும், அவ்வளவுதான். கடுகு எண்ணெய், ஆலிவ் எண்ணெய் இரண்டும் வேண்டாம். இவை தோலின் தடுப்பைக் கெடுக்கின்றன.

குளிப்பாட்டுவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாதிப் பிரச்சினை இங்கேதான் நடக்கிறது. தண்ணீர் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். சுடச்சுட ஊற்றினால் அப்போதைக்கு அரிப்புக்கு இதமாக இருக்கும், அரை மணியில் இரட்டிப்பாகத் திரும்பும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். பீர்க்கங்காய் நார், கடலை மாவு, பயத்தம் மாவு எதுவும் வேண்டாம்; அவை கழுவுவதோடு நிற்காமல் தேய்த்தும் எடுக்கின்றன. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதும் வெடித்த தோலை இன்னும் உலர்த்தி எரிய வைக்கும். தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை, பி.எச். 5 பக்கம் இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கிறது. குழந்தை சோப்பு என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். சோப்பு இல்லாத வகைக் கட்டி கிடைக்கிறது. அதையும் அக்குள், தொடையிடுக்கு, அழுக்கான கால் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். உங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். அதற்காகப் பெரிய செலவில் தண்ணீர் மென்மையாக்கும் இயந்திரம் வைக்க யாராவது சொன்னால் வேண்டாம். இங்கிலாந்தில் அதைக் குழந்தைகள் வீட்டில் பொருத்திச் சோதித்துப் பார்த்து, எக்ஸிமாவுக்குப் பலன் இல்லை என்று 2011-இல் முடிவு சொல்லிவிட்டார்கள்.

குளித்ததும் மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், குளியலறையிலேயே க்ரீம் பூசிவிட வேண்டும். டப்பாவுக்குள் கையை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். முடி போகும் திசையில், மேலிருந்து கீழாக நீவிவிடுங்கள். சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம். ஸ்டீராய்டு களிம்பு போடும் நாட்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு இருபது நிமிடம் இடைவெளி விடுங்கள். எது முதலில் என்பது பெரிய விஷயம் இல்லை. மார்கழிக் குளிரில் கெட்டியான களிம்பு நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் அதையே பூசினால் வியர்வை அடைத்து அரிக்கும். அப்போது இலேசான க்ரீமுக்கு மாறிக்கொள்ளுங்கள். விளையாடி வியர்த்து வந்தால் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடியும் க்ரீம்.

ராத்திரிச் சொறிதலுக்கு 'சொறியாதே' என்று கையைத் தட்டிவிடுவதால் பலன் இல்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும் குழந்தை தெரிந்து சொறிவதில்லை. பகலிலும் திட்டினால் மறைந்து உட்கார்ந்து சொறிவான். நகத்தை வாரம் இரண்டு முறை வெட்டி, ராவி விடுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். அரிப்பு கிளம்பினால் ஈரத்துணியை ஒற்றி எடுத்து, மேலே குளிர்ந்த க்ரீம் பூசலாம். டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் இன்னும் இதம். அலர்ஜி சிரப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கரப்பான் அரிப்பை அந்த மருந்து அதிகம் குறைப்பதில்லை. தூக்கத்தை வரவழைக்கிறது, அவ்வளவுதான். ரொம்ப மோசமான சில ராத்திரிகளுக்கு மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம். மாதக்கணக்கில் வேண்டாம்.

இப்போது சாப்பாடு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது தோலைவிட அவன் இளைப்பதுதான். உங்கள் மாமியார் பேரன்மேல் உள்ள பாசத்தில் செய்கிறார். நம் ஊரில் கரப்பான் பண்டம் என்று காலம்காலமாக ஒதுக்கிவந்த வழக்கம் அது. ஆனால் பெரும்பாலான குழந்தைகளின் எக்ஸிமாவுக்குச் சாப்பாடு காரணம் இல்லை. உண்மையான உணவு ஒவ்வாமை பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு வரும். நேற்று கத்தரிக்காய் சாப்பிட்டான், இன்று முழங்கை அரிக்கிறது என்பது அந்த வகையில் சேராது. ஒரே ரத்தத்தில் நூறு பொருளுக்கு அலர்ஜி டெஸ்ட் எடுத்து, பாதியை நிறுத்தச் சொல்வதும் தவறு. ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வருவதாலேயே அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிடாது.

நிறுத்துவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. லண்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழு, கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிக்கு நிலக்கடலை கொடுத்தார்கள், மறுபாதிக்கு அடியோடு நிறுத்தினார்கள். ஐந்து வயதில் பார்த்தால் கடலை சாப்பிட்டு வளர்ந்த குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை 80 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தது. 2015-இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு உலகம் முழுக்க ஆலோசனையே மாறியது. சாப்பிடாமல் விட்டால், ஓட்டையான தோல் வழியாக அந்தப் பொருளின் துணுக்குகள் உள்ளே போய் இல்லாத ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும்.

அதனால் கத்தரிக்காயை இன்றைக்கே குழம்பில் போடுங்கள். பால், முட்டை, கடலை, மீன் நான்கையும் நீண்ட நாள் நிறுத்தி வைத்திருப்பதால், குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். முன்பு எப்போதாவது சாப்பிட்ட உடனே தடிப்போ வாந்தியோ வந்திருந்தால் அந்தப் பொருளை வீட்டில் முயலவே வேண்டாம். மருத்துவமனையில் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் மாமியாரிடம் இதை வாதமாக வைக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப்போங்கள். சாயந்தரம் க்ரீம் பூசும் வேலையை அவர் கையில் கொடுங்கள். பேரன் தோல் தன் கைக்கடியில் வழுவழுப்பாவதை உணர்ந்துவிட்டால் அவரே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார்.

பள்ளி விஷயத்தில் பொறுத்துப் போகாதீர்கள். எக்ஸிமா ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. மருத்துவரிடம் இரண்டு வரியில் கடிதம் வாங்கி வகுப்பு ஆசிரியையிடம் நேரில் கொடுங்கள். ஒன்றே ஒன்று: வீட்டில் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் ராத்திரி அரிப்பு, விரல் இடுக்குகளில் புள்ளி என்று இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அது ஒட்டும், அதற்கு மருந்து வேறு. முதலில் அதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். சீருடை பாலியெஸ்டர் கலந்ததாக இருந்தால் உள்ளே பருத்திப் பனியன் போட்டு அனுப்புங்கள். கஞ்சி போட வேண்டாம். சோப்புத்தூள் போகத் துணியை இன்னொரு முறை அலசுங்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் அடங்காத குழந்தைகள் உண்டு. ஈரக்கட்டு, ஒளி சிகிச்சை, உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் மருந்துகள் எல்லாம் அவர்களுக்காக இருக்கின்றன. டூபிலுமேப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2017-இல் பெரியவர்களுக்கும் 2022-இல் ஆறு மாதக் குழந்தை முதலும் அனுமதி கிடைத்தது. நல்ல மருந்து, விலைதான் நம்மில் பலருக்கு எட்டாது. உங்கள் மகன் அந்தக் கட்டத்தில் இருப்பதாக உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடி, மாத்திரை, ஒரே ஊசியில் போய்விடும் என்ற பேச்சு, இவற்றின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியதும் கரப்பான் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும்.

கடைசியாக, தள்ளிப்போடக் கூடாத இரண்டு நிலைகள். புண்ணில் தேன் நிறத்தில் பொருக்கு கட்டி, நீர் கசிந்து, தொட்டால் வலிக்கிறது என்றால் கிருமி தொற்றியிருக்கிறது. இரண்டொரு நாளில் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று அவசரம். கரப்பான் உள்ள இடத்தில் திடீரென்று ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து குழிகுழியாக ஆகி, காய்ச்சலும் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். பார்க்க அம்மை போட்டதுபோலவே இருக்கும். நம் வீடுகளில் உடனே வேப்பிலை கட்டி, மருந்து கூடாது என்று குழந்தையைப் படுக்க வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் கண்ணுக்கும் மூளைக்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மையோ என்னவோ, அன்றைக்கே, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கரப்பான் உள்ள குழந்தை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வந்திருக்கும் பெரியவர்கள் அது ஆறும் வரை அவனுக்கு முத்தம் கொடுக்க வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இதுவரை போட்ட எல்லா ட்யூப்களையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். மோசமாக இருக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படங்களும் கைபேசியில் இருக்கட்டும். நாம் போகிற அன்று பார்த்துத் தோல் நன்றாக இருந்துவிடும். எந்த ட்யூப் எந்த இடத்துக்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.